நாவலில் வராத காரணங்கள்

கல்வித் துறையிலிருந்து நான் ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகின்றன. என் வீட்டுக்கு வருகிற பழைய ஊழியர்கள் பெரும்பாலும் பணிப்பதிவேட்டில் எதையாவது சரிபார்த்துக்கொள்ளத்தான் வருவார்கள். போன மாதம் வந்த இரண்டு இளம் வட்டாரக் கல்வி அலுவலர்கள் ஒரு நாவலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் நடந்த சண்டையைப் பற்றிய நாவல் அது.

"மேடம், இதுல வர்ற பெண் அதிகாரி நீங்கதானே?" என்றாள் ஒருத்தி.

"நான்தான்."

"அப்ப இதெல்லாம் நிஜமாவே நடந்ததா?"

"நடந்தது எல்லாம் நடந்ததுதான். காரணங்கள் மட்டும் வேற."

இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போதெல்லாம் புகார்கள் கணினி வழியாக வருகின்றனவாம். இருந்த இடத்திலிருந்தே பதில் போட்டு முடித்துவிடலாமாம். "நேர்ல போய் விசாரிச்சா என்ன கிடைக்கும்னு எங்களுக்குத் தெரியவே இல்ல மேடம்" என்றாள் மற்றவள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதினேழு வருடமாக இதில் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். நாவலின் வெளியீட்டு விழாவில் அவர்களே எல்லாவற்றையும் ஊர் முன்னால் சொல்லிவிட்டார்கள். ஆகவே இனி நான் எழுதுவதில் தவறில்லை.

நாவல் படிக்காதவர்களுக்காக அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைக்கிராமத்து நடுநிலைப் பள்ளி. சமவெளியிலிருந்து வந்த தலைமையாசிரியை திமிர் பிடித்தவள். பள்ளிக்கூட வாசலைப் பூட்டி வைத்து ஊரையே வெளியே நிறுத்துகிறாள். ஊர்ப்பெரியவருக்குப் பள்ளிக்கூட நிலத்தின்மேல் கண். டீக்கடைக்காரர், தன் கடையைத் தலைமையாசிரியை காலி செய்ய வைத்த கோபத்தில் மொட்டைமனு எழுதுகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஊர் நிறுத்திவிடுகிறது. கடைசியில் ஒரு பெண் அதிகாரி மலையேறி வந்து சண்டையைத் தீர்க்கிறாள். சின்ன வயதில் வறுமையால் படிப்பை நிறுத்தப்பட்டவள் என்பதால் அவளுக்கு இந்தப் பிள்ளைகள்மேல் அத்தனை பரிவு.

கண்ணீர் வரவழைக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஆனால் என் அப்பா ராசிபுரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியர். எனக்கு ஏழாம் வகுப்பிலேயே சொந்தமாகச் சைக்கிள் இருந்தது. என் படிப்பை ஒருவரும் நிறுத்தவில்லை.

இடைநிலை ஆசிரியை, தலைமையாசிரியை என்று இருபது வருடம் ஓடிய பிறகு உதவித் தொடக்கக் கல்வி அலுவலராகப் பதவி உயர்வு வந்தது. கொல்லிமலைக்குப் போட்டார்கள். பள்ளிகளை ஆய்வு செய்வது, சம்பளப் பட்டியல், மனு விசாரணை, இவைதான் வேலை. இரண்டு வாரப் பயிற்சியில் பட்டியல் போடக் கற்றுக் கொடுத்தார்கள். மனு விசாரணையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் மேலதிகாரி நடராஜன் சார்.

மாவட்ட அலுவலகத்தில் அவர் அறையில் ஒரு வெந்நீர் பிளாஸ்க், ஒரே ஒரு டம்ளர், ஒரு மர அளவுகோல். மனு வந்தால் மூன்று தடவை பார்ப்பார். முதல் தடவை படிப்பார். இரண்டாவது தடவை கையெழுத்துகளை மட்டும் அளவுகோல் வைத்து வரிசையாகப் பார்ப்பார். மூன்றாவது தடவை காகிதத்தைப் பார்ப்பார். எந்த நோட்டில் கிழித்தது, எப்படி மடித்தது, ஓரம் விட்டிருக்கிறதா என்று. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே சிலர் அவர் அறைக்குள் போகப் பயப்படுவார்கள்.

விசாரணையில் அவர் வாயிலிருந்து "ஏன்" என்ற சொல் வராது. ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன்.

"ஏன்னு கேட்டா மனுஷன் நியாயம் பேச ஆரம்பிச்சுடுவாம்மா. நல்லவன், கெட்டவன் ரெண்டு பேரும்தான். என்ன பண்ணுனீங்கன்னு கேளுங்க. காலைல எழுந்ததுல இருந்து கேளுங்க. காரணம் அதுக்குள்ளயே உக்காந்திருக்கும்."

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் ஒரு பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஒரு வருடமாகப் பேசிக்கொள்ளாமல் ஒருவர்மேல் ஒருவர் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடராஜன் சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மனுவில் இருந்த எதையும் அவர் தொடவில்லை. கடைசியாக இருவரும் பேசிக்கொண்ட நாளில் என்ன நடந்தது, மறுநாள் என்ன நடந்தது என்று மட்டும் தனித்தனியாகக் கேட்டார். ஒருவருடைய தகப்பனார் இறந்தபோது மற்றவர் துக்கத்துக்குப் போகவில்லை. போகாதவரோ அந்த வாரம் முழுக்க மழையில் பாதை அடைபட்டு மலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்து நின்றோம். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. சார் தன் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். அவ்வளவுதான் விசாரணை.

அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் நாவலில் இருக்கிற சண்டை. பெரக்கரை நாட்டில் ஒரு சிற்றூர். ஊரின் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. தலைமையாசிரியை ஸ்டெல்லா மேரி, திருச்சிக்காரர், கணீரென்ற குரல். அவரோடு நான்கு ஆசிரியர்கள். அவர்களில் இளையவர் இளங்கோ, கணக்கு ஆசிரியர், சேலத்துப் பக்கம். இந்த இளங்கோதான் இப்போது நாவல் எழுதியிருப்பவர். கிராமக் கல்விக் குழுவின் தலைவர் சடையன். சாமையும் குச்சிக்கிழங்கும் போடுகிற விவசாயி. கொஞ்சம் மிளகும் உண்டு. ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

மனு வந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. தலைமையாசிரியை வாசலைப் பூட்டி வைக்கிறார், பெற்றவர்களை உள்ளே விடுவதில்லை, பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிறார், உடனே மாற்ற வேண்டும் என்று வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தது. கீழே கையெழுத்துகளும் கைநாட்டுகளும். முதல் கையெழுத்து சடையனுடையது.

மூன்றாவது வாரம் நான் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த கண்காணிப்பாளர் ஒரு கோப்பைத் தட்டிக் காட்டினார்.

"பிள்ளைங்க வராத பள்ளிக்கூடம் எதுக்கு மேடம்? பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்த்துட வேண்டியதுதான். ஃபைல் ரெடி. நீங்க மலையேறி இறங்கி முட்டி வலிதான் மிச்சம்."

எழுத்தர்கள் மூன்று பேர் சிரித்தார்கள். அந்தப் பக்கத்து ஊர், காட்டுக்குள் ஓடையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர். பையன்களில் பாதிப் பேர் போவார்கள். பெண்பிள்ளைகளில் ஒருத்தியும் போகமாட்டாள். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன். அந்த நிமிடம் என்னை மலையேற வைத்தது பிள்ளைகள்மேல் இருந்த பரிவு அல்ல. அந்த மூன்று பேரின் சிரிப்பு. அந்தக் கோப்பை அவர் கையாலேயே அவிழ்க்க வைக்க வேண்டும் என்ற வைராக்கியம். நாவலில் என் பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கிற காரணத்தைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது அதனால்தான்.

முதலில் சடையனைப் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா, அந்த டீச்சரை மாத்துங்க. புள்ளைங்க நாளைக்கே வந்துருமுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாமுங்க" என்றார்.

வாசல் பூட்டுதான் குறையா என்றால் ஆமாம் என்றார். பூட்டை எடுத்துவிட்டால் போதுமா என்றால் இல்லை, அடிக்கிறார்கள் என்றார். யாரை அடித்தார்கள் என்றால் சத்துணவு சரியில்லை என்றார். சொல்கிற காரணம் ஒவ்வொரு தடவையும் மாறியது. முகம் மட்டும் மாறவில்லை. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பள்ளியில் ஸ்டெல்லா டீச்சர் வெறும் வகுப்பறைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தார். பதிவேடுகள் எல்லாம் அன்றைய தேதி வரை எழுதப்பட்டிருந்தன.

"இந்தப் பள்ளியில வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு என்ன பண்ணுனீங்க டீச்சர்? பஸ் ஏறுனதுல இருந்து சொல்லுங்க" என்றேன்.

"திருச்சியில ஏறினேன். அடிவாரத்துல பேளுக்குறிச்சியில இறங்கினேன். சந்தை நாள். பூட்டு ஒண்ணு வாங்கினேன். அடுத்த பஸ் பிடிச்சு மேல வந்தேன்."

"பூட்டு வாங்கினீங்க. அப்புறம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். இன்னும் வேலையிலேயே சேராத ஒருவர், பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே, வழியில் இறங்கிப் பூட்டு வாங்கியிருக்கிறார். நான் காத்திருந்தேன்.

"இதுக்கு முன்னாடி இருந்த ஸ்கூல்ல நான் ரெண்டாங்கிளாஸ் டீச்சர்" என்றார். "இன்டர்வெல் முடிஞ்சு பெல் அடிச்சதும் எண்ணிப் பார்த்தேன். ஒருத்தன் குறைஞ்சான். பக்கத்துத் தோட்டத்துல சுத்துச்சுவர் இல்லாத கிணறு. சாயங்காலம்தான் எடுத்தாங்க."

பிறகு, இங்கே பள்ளிக்குப் பின்னால் ஓடை இருப்பது பணியாணை வந்த அன்றே விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்றார்.

"இதை ஊர்ல சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே டீச்சர்."

"பாவம்னு சொல்லுவாங்க. இல்லன்னா, ஒரு பிள்ளையத் தொலைச்சவகிட்டயா நம்ம பிள்ளைய விடுறதுன்னு சொல்லுவாங்க. ரெண்டும் என்னால தாங்க முடியாது மேடம். அறிக்கையில எழுதாதீங்க."

எழுதமாட்டேன் என்று சொன்னேன். எழுதவும் இல்லை.

அடுத்து கல்விக் குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். மனு வருவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு கூட்டம் நடந்திருந்தது. எல்லாருடைய கையெழுத்தும் இருக்க, தலைவர் கையெழுத்து மட்டும் இல்லை. அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கலையே. தலைவர்தானே, மரியாதையா இருக்கட்டும்னு தீர்மானத்தை அவரைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி கொண்டுவரலைன்னார். என் கண்ணாடியக் கழட்டிக் கொடுத்தேன். வாங்கிக் கையில வெச்சுக்கிட்டே நின்னார். அப்புறம் வேலை இருக்குன்னு போயிட்டார்."

சொல்லும்போது அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. நான் தீர்மானப் புத்தகத்தில் தலைவர் கையெழுத்து இல்லாத இடத்தை மறுபடி பார்த்தேன்.

மறுநாள் சடையன் காட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பழனியம்மாள் பாறைமேல் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து காம்பு பொறுக்கினேன். கொஞ்ச நேரம் விலை, மழை எல்லாம் பேசினோம். பிறகு, அந்தக் கூட்டம் நடந்த அன்று அவர் வீட்டுக்கு வந்து என்ன செய்தார் என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்தவரு சோறு திங்கலீங்க. ரெண்டு நாளு காட்டுக்கே போகல. எங்க செல்வி புஸ்தகத்த எடுத்து மடியில வெச்சுக்கிட்டுப் பாத்துட்டே இருந்தாருங்க. தலைகீழா வெச்சிருந்தாரு. நான் சொல்லலீங்க. சொன்னா மனசு ஒடஞ்சுருமுங்க." கையிலிருந்த மிளகை உதறினார். "அவருக்குப் பேரெழுத மட்டுந்தானுங்க தெரியும். ஊருக்கு இது தெரியாதுங்க. நானு சொன்னேன்னு சொல்லிராதீங்க சாமி."

ஆக, ஊரைத் திரட்டி, பள்ளிக்கூடத்தை வெறிச்சோட வைத்து, மூன்று வாரம் பிள்ளைகளை வீட்டில் உட்காரவைத்தது நிலத்தாசை அல்ல. இருபது பேர் முன்னால் கையில் ஒரு மூக்குக்கண்ணாடியோடு நின்ற வெட்கம். டீச்சர் வேண்டுமென்றே தன்னை அம்பலப்படுத்தினார் என்று அவர் நம்பிவிட்டார்.

மிச்சம் இருந்தது மனு. நடராஜன் சார் மாதிரி நானும் மூன்றாவது தடவை காகிதத்தைப் பார்த்தேன். கால்பங்கு ஓரம் மடித்து விட்டிருந்தது. 'பொருள்' என்று தொடங்கியது. ஐந்தாவது புகாரில், 'மூன்றாம் பாடவேளையில் பெற்றோரை அனுமதிக்க மறுத்தார்' என்று இருந்தது. ஊரில் யாரும் மூன்றாம் பாடவேளை என்று சொல்லமாட்டார்கள். பொழுது உச்சிக்கு வருகிற நேரம் என்பார்கள்.

நான்கு ஆசிரியர்களிடமும் வாக்குமூலத்தை அவரவர் கைப்பட எழுதித் தரச் சொன்னேன். இளங்கோ கடைசியாகக் கொண்டுவந்தார். அவர் எழுதிய தாளையும் மனுவையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார்.

"என் வேலை போயிடுமா மேடம்?"

"மனு எழுதுன அன்னைக்குக் காலைல என்ன நடந்தது சார்?"

ஊரிலிருந்து அதிகாலையில் கிளம்பியிருக்கிறார். மலை ரோட்டில் ஒரு கொண்டையூசி வளைவில் லாரி மாட்டிக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. எட்டு வளைவுகளை நடந்தே ஏறி, வேர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கு வந்தால், வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'தாமதம்'. டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று மாலை சடையன் வந்து, எழுதிக் கொடுங்க சார் என்று கேட்டிருக்கிறார்.

"டீச்சர் பிரம்பால அடிக்கிறாங்கன்னு ஊர்ல யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். நானாச் சேர்த்தேன். அவங்க கையில பிரம்பே கிடையாது."

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு ஆசிரியையின் வேலையையும் பெயரையும் கெடுக்கக்கூடிய பொய்யை எழுதியிருக்கிறார். மேலே எழுதி அனுப்பினால் அவர் கதை முடிந்துவிடும். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை கூட்டம் போடுறேன். அங்க இன்னொரு கடிதம் எழுத வேண்டி வரும். அதையும் நீங்களே எழுதுங்க. இந்த அடிக்கிற விஷயம் பொய்னு முதல் வரியில இருக்கணும்."

அன்று மாலை ஸ்டெல்லா டீச்சரிடம் இரண்டு காரியம் கேட்டேன். இனி எந்தக் கூட்டத்திலும் தீர்மானத்தைப் பெரியவர்கள் படிக்க வேண்டாம், நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்றை நிறுத்திப் படிக்க வையுங்கள், பெற்றவர்களுக்கும் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும் என்றேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவது காரியம், பூட்டு வாங்கிய கதையை அவரே தன் வாயால் தாய்மார்களிடம் சொல்ல வேண்டும் என்பது. அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பள்ளி வராந்தாவில் ஊர் கூடியது. தாய்மார்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் பிள்ளைகள். சடையன் தோளில் துண்டோடு தூணில் சாய்ந்து நின்றார். உட்காரவில்லை. நான் பேச வாயெடுப்பதற்குள் ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். அந்தக் கணீர்க் குரல் அன்று இல்லை. கிணற்றைப் பற்றி, பெல் அடித்ததைப் பற்றி, எண்ணிப் பார்த்ததைப் பற்றி நான்கைந்து வாக்கியங்களில் சொன்னார். கடைசியில், "அதுக்கப்புறம் கதவு திறந்திருந்தா என்னால பாடம் நடத்த முடியலீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தாய்மார்களில் ஒருத்தி கேட்டாள்: "அந்தப் புள்ள பேரு என்னங்க டீச்சர்?"

"ஆரோக்கியம்" என்றார்.

அந்தப் பெயர் பெண்களுக்குள்ளே வாய்க்கு வாய் போனது. பழனியம்மாள் எழுந்தார். "பூட்டு இருக்கட்டுங்க. சாவி ஒண்ணு எங்க கையில குடுங்க. தெனம் ஒருத்தி வந்து வாசல்ல உக்காந்துக்கறோம். புள்ளைங்கள நாங்களும் எண்ணறோமுங்க."

நான் மூன்று வாரம் யோசித்தாலும் எனக்குத் தோன்றியிருக்காத தீர்வு அது. தீர்மானம் எழுதப்பட்டது. டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, ஏழாம் வகுப்புச் செல்வியைக் கூப்பிட்டார். சடையனின் மகள். நான் சொல்லிக் கொடுத்துக் கூப்பிட்டதல்ல. அந்தப் பள்ளியிலேயே திக்காமல் படிக்கிறவள் அவள்தான் என்பதால் கூப்பிட்டார். அவள் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் தடுக்காமல், தேதியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். நான் சடையனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தூணை விட்டு நகர்ந்து, எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் முடித்ததும் புத்தகத்தை வாங்கி, அந்தப் பழைய கூட்டத்துக்கு விட்டுப்போன கையெழுத்தையும் இந்தக் கூட்டத்துக்கான கையெழுத்தையும் சேர்த்துப் போட்டார்.

இளங்கோ புகாரைத் திரும்பப் பெறுகிற கடிதத்தை எழுதினார். 'தலைமையாசிரியை பிள்ளைகளை அடித்ததில்லை' என்பது முதல் வரி. மனுவையும் அவரே எழுதினார் என்பது சடையனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்ப் பள்ளி வாசலில் நின்றேன். பனி விலகவில்லை. ஒன்பது மணிக்கு யாரும் இல்லை. ஒன்பதேகாலுக்கு, மேட்டுக்காட்டு வரப்பில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. முன்னால் செல்வி, பின்னால் மற்ற பிள்ளைகள். இன்னொரு பாதையில் இன்னொரு கூட்டம். பழனியம்மாள் சாவியோடு வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பதிவேட்டில் எழுபத்தொரு பேர். வந்தது எழுபது. மீதி ஒருத்திக்கு அம்மை. ஸ்டெல்லா டீச்சர் பெயர் கூப்பிடக் கூப்பிட, 'உள்ளேன் டீச்சர்' என்ற சத்தம் வராந்தா முழுக்க நிறைந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அறிக்கையை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகம் போனேன். கண்காணிப்பாளர் மேசைமேல் அதை வைத்தேன். அவர் படித்தார். அலமாரியைத் திறந்து, மூடல் கோப்பை எடுத்து, நாடாவை அவிழ்த்து, உள்ளே இருந்த தாள்களைத் தனியே எடுத்து வைத்தார். எழுத்தர்கள் மூன்று பேரும் குனிந்து வேலை பார்த்தார்கள். அவ்வளவு கவனமாக அவர்கள் வேலை பார்த்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. முட்டி வலி எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனாலும் அந்த அறையை விட்டு நிமிர்ந்து நடந்தேன்.

உள்ளே நடராஜன் சார் அறிக்கையை மூன்று தடவை பார்த்தார். மனு எழுதியவர் பெயர் அதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பார். "அப்புறம்?" என்றார்.

"எழுபது பேர் சார்."

மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு டம்ளரை எடுத்தார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார். பிற்பாடு எத்தனையோ பாராட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அந்த வெந்நீருக்கு எதுவும் ஈடாகவில்லை.

அந்தப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியானது. பத்தாம் வகுப்பு எழுதிய முதல் அணியில் ஒருவர் தவறாமல் எல்லாரும் தேறினார்கள். செல்வி அந்த அணியில் ஒருத்தி. இன்று அவள் கால்நடை மருத்துவர். இளங்கோ பதினோரு வருடம் அதே மலையில் கணக்கு நடத்தினார்.

நாவலின் வெளியீட்டு விழாவை அந்தப் பள்ளியிலேயே வைத்திருந்தார் இளங்கோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஸ்டெல்லா டீச்சர் திருச்சியிலிருந்து வந்திருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே. இளங்கோ ஏற்புரையில் நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் நின்றார்.

"இதுல டீக்கடைக்காரர் மனு எழுதுறதா வெச்சிருக்கேன். அப்படி ஒரு டீக்கடைக்காரரே கிடையாது. எழுதினவன் நான். டீச்சர் என்னை மன்னிக்கணும்."

கூட்டம் திகைத்துப்போனது. ஸ்டெல்லா டீச்சர் இருந்த இடத்திலிருந்தே பேசினார்.

"ரெண்டு வருஷம் உன் பாடக்குறிப்பு நோட்டுல வாரா வாரம் கையெழுத்துப் போட்டவப்பா நான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மனுவோட நகல் வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர் சொல்லல?" என்று இளங்கோ கேட்டார். நான் கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்ட கேள்வி. ஆனால் அன்று அதற்கும் பதில் வந்தது.

"சொன்னா உன்னை மாத்திடுவாங்க. இந்த மலைக்குக் கணக்கு நடத்த வேற யார் வருவா? பெரிய மனசெல்லாம் இல்லப்பா. எனக்குக் கணக்கு டீச்சர் வேணும்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. அப்போது முன்வரிசையிலிருந்து சடையன் எழுந்தார். எழுபதைத் தாண்டிய வயது. செல்வி கையைப் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று விலக்கிவிட்டு, மைக்குக்கு நேரே வந்து நின்றார்.

"நம்ம செல்வி இந்தப் புஸ்தகம் முச்சூடும் எனக்குப் படிச்சுச் சொன்னாளுங்க. நல்லா இருக்குதுங்க. அதுல அந்தத் தலைவருக்குப் பள்ளிக்கூடத்து நெலத்து மேல ஆசைன்னு சார் எழுதியிருக்கறாரு. எனக்கு அப்படி ஆசை இல்லீங்க. அன்னைக்கு டீச்சரு என்னையப் படிக்கச் சொன்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அந்த வெக்கத்துல பண்ணுனதுங்க அத்தனையும்."

ஸ்டெல்லா டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு அது புதிய செய்தி.

"இன்னைக்கும் தெரியாதுங்க" என்றார் சடையன். "ஆனா இன்னைக்கு வெக்கம் இல்லீங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைங்க எங்க ஊருல ஊட்டுக்கு ஊடு இருக்குதுங்க. ஆரைக் கூப்பிட்டாலும் எனக்குப் படிச்சுச் சொல்லுமுங்க."

கைதட்டல் ஓயும் வரை அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றார். இளங்கோ அவர் அருகே போய், "அடுத்த பதிப்புல அந்தத் தலைவரை மாத்தி எழுதிடட்டுங்களா ஐயா?" என்று கேட்டார்.

சடையன் மைக்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"வேண்டாமுங்க சார். அவன் பாட்டுக்கு அந்தப் புஸ்தகத்துல இருந்துட்டுப் போறானுங்க. அவன் வேற, நானு வேற."